நாய்க்கு வைத்த தண்ணீர்: வாஷியின் கிண்ணமும் பம்பாயின் வரலாறும்

வாஷியின் அடுக்ககங்களில் சைபீரியன் ஹஸ்கிக் குட்டிகளை வளர்ப்போர் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. குடிப்பதற்கென எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குட்டி உடனே குடிப்பதில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் கிண்ணத்துக்குள் இட்டு, மண்ணைத் தோண்டுவதுபோல் தண்ணீரைத் தோண்டுகிறது. உடன்பிறந்த குட்டி ஒன்றும் இருந்துவிட்டால் ஆரவாரம் இரட்டிக்கிறது. மூக்கை நீருக்குள் அமிழ்த்திக் குமிழி விடுவதும், கிண்ணத்தைக் கவிழ்ப்பதும், கவிழ்ந்த கிண்ணத்தைக் கூடம் முழுவதும் தள்ளிக்கொண்டு ஓடுவதுமாக ஒரு பிற்பகல் கழிகிறது. வீட்டார் ஒரு கையில் துடைப்பானும் மறுகையில் கைப்பேசியுமாக நிற்கின்றனர்.

இவ்விளையாட்டுக்கு உடலியல் சார்ந்த காரணங்கள் உண்டு. நாயின் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களின் அடிப்பகுதியில்தான் தொழிற்படுகின்றன; உடல் வெப்பத்தின் பெரும்பகுதியை அது இரைத்தே வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரில் நாவின் ஈரம் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த நீரில் பாதத்தை வைப்பது குட்டிக்கு இதமாக இருக்கிறது. பனியைத் தோண்டிப் பள்ளமாக்கி அதனுள் சுருண்டு படுக்கும் வழக்கமுடைய இனம் அது; தோண்டும் இயல்பு கிண்ணத்தைக் கண்டாலும் விழித்துக்கொள்கிறது. தண்ணீர் சிதறுவதற்கு மற்றொரு காரணம் நாக்கின் அமைப்பு. நாய் நீரருந்தும்போது நாக்கைப் பின்னோக்கி வளைத்து நீருக்குள் வேகமாக அறைகிறது. நாக்கை இழுக்கும்போது உடன் எழும் நீர்த்தூணைக் கவ்வி விழுங்குகிறது. பூனைக்குக் கைவந்த நேர்த்தி நாய்க்கு இல்லை. குடிப்பதைப் போலவே சிந்துவதும் அதன் இயல்பு.

ஹஸ்கி வாஷிக்கு வந்த வழி நெடியது. வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த சறுக்குவண்டி நாய்களின் வழித்தோன்றல் அது. 'ஹஸ்கி' என்ற பெயரே 'எஸ்கிமோ' என்னும் சொல்லின் மருவு என்பர். ரஷ்ய உரோம வணிகர் ஒருவர் கொண்டுவந்த நாய்கள் 1909இல் அலாஸ்காவின் நோம் நகரில் நடந்த பந்தயத்தில் ஓடின. உருவத்தில் சிறியவை என்று முதலில் எள்ளப்பட்டன. 1925இல் அதே நோமில் தொண்டையடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் 1,085 கிலோமீட்டர் உறைபனியை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தனர். இறுதிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை எழுந்தது. மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்த டோகோவுக்கு அப்புகழ் உடனே கிட்டவில்லை. அமெரிக்க நாய்வளர்ப்போர் கழகம் இவ்வினத்தை 1930இல் ஏற்றது.

இந்தியாவில் ஹஸ்கிக்கு ஏற்பட்ட மோகம் அண்மைக்காலத்தது. 2003இல் ஹட்ச் விளம்பரம் பக் இனத்துக்குச் செய்ததைத் தொலைக்காட்சித் தொடர்களும் சமூக ஊடகங்களும் நீலக்கண் ஹஸ்கிக்குச் செய்தன. வணிக நோக்கில் இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை ஒன்றிய அரசு 2016 ஏப்ரலில் தடுத்தது. உள்நாட்டு இனப்பெருக்கம் தொடர்ந்தமையால் குட்டிகளுக்குக் குறைவில்லை. வெப்பமண்டலக் கடற்கரையில் குளிரூட்டிய அறையை நம்பி வாழும் பனிநாயைக் குறித்து விலங்கு மருத்துவர்கள் விடுக்கும் எச்சரிக்கை நியாயமானது. ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் இருக்க இது எதற்கு என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்பதும் நியாயமே.

ஆனால் இங்குக் கருதவேண்டியது நாயின் இனத்தை அன்று, கிண்ணத்தை. நாய்க்குத் தண்ணீர் வைப்பவர் யார், எங்கே வைக்கிறார், எவருடைய இசைவோடு வைக்கிறார் என்ற வினாக்கள் இன்று ஒரு வீட்டின் பால்கனிக்குள் அடங்கிவிட்டன. வாஷிக் கழிமுகத்துக்கு அப்பால், பம்பாய்த் தீவில், ஒருகாலத்தில் அவை தெருவின் வினாக்களாக இருந்தன. ஒருமுறை அவை நகரின் கடைகளையே அடைக்கச் செய்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் நீர்நிலைகள் குளங்களும் கிணறுகளுமே. விகார் ஏரியிலிருந்து குழாய் நீர் வந்தது 1860இல். துளசி ஏரி 1879இலும் தான்சா 1892இலும் அதைப் பின்தொடர்ந்தன. அதற்குமுன் கோவாலியா குளத்தில் மாடுகள் நீரருந்தின. பெயரே மாட்டுக்காரரைக் குறிப்பது. தெருநாய்களும் இக்குளக்கரைகளை நம்பியே வாழ்ந்தன. பங்குனி, சித்திரையில் குளங்கள் வற்றும். அப்போதுதான் நாய்களைப் பற்றிய அச்சமும் ஏறும்.

அந்த அச்சத்துக்கு ஐரோப்பிய மருத்துவம் வைத்திருந்த பெயர் கவனிக்கத்தக்கது. வெறிநாய்க்கடி நோயை அது 'நீரச்சம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அழைத்தது. நோய் முற்றிய மனிதருக்கு நீரைக் காண்பதும் தாங்கொணா வேதனையாவதால் எழுந்த பெயர் அது. நாய்களிடம் அவ்வறிகுறி அவ்வாறு தோன்றுவதில்லை. ஆயினும் தண்ணீரை விலக்கும் நாய் வெறிநாய், தண்ணீரை நாடும் நாய் நலமுள்ளது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. கோடை வெப்பமும் தாகமுமே நாய்க்கு வெறியேற்றுகின்றன என்று கற்றோரும் நம்பினர். பாஸ்டரின் ஆய்வுகள் வருவதற்கு முன்பு இந்நோய் தானாகவே தோன்றக்கூடும் என்ற கருத்து மருத்துவர் சிலரிடமும் நிலவிற்று. இந்நம்பிக்கையிலிருந்து இருவேறு முடிவுகளுக்கு வரலாம்: நாய்க்குத் தண்ணீர் வைக்கலாம், அல்லது கோடையில் நாயைக் கொல்லலாம். பம்பாயின் கும்பெனி அரசு இரண்டாவதைத் தேர்ந்தது.

1813 முதல் வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்ல ஆணை நடைமுறையில் இருந்தது. 1832இல் அக்காலம் ஜூன் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதி. கூலிக்கு ஆசைப்பட்ட காவலர்கள் தெருவில் திரிந்த நாய்களோடு நில்லாமல் வீட்டு வாசலில் படுத்திருந்தவற்றையும் இழுத்துச்சென்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. எட்டணா அன்று சிறுதொகை அன்று.

ஜூன் 6ஆம் நாள், பார்சிகளுக்குப் புனிதமான நாளொன்றில், கோட்டைப் பகுதியில் நாய் பிடித்துக்கொண்டிருந்த காவலர்களைக் கூட்டம் ஒன்று தாக்கியது. மறுநாள் கடைகள் திறக்கவில்லை. பார்சிகளோடு சமணரும் வைணவ வணிகரும் பிறரும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவில் இருந்த படையினருக்குச் செல்லவேண்டிய உணவுப்பொருள்கள் தடுக்கப்பட்டன. அரசு படையை இறக்கியது, கலகச் சட்டம் படிக்கப்பட்டது, கைதுகள் நிகழ்ந்தன. கும்பெனியின் மிக நெருங்கிய கூட்டாளிகள் எனப் பெயர்பெற்ற சமூகம் நாயின்பொருட்டுத் தெருவில் இறங்கியது ஆங்கிலேயரைத் திகைக்கவைத்தது. இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்த ஜெஸ்ஸி பல்செட்டியா, இதனை நாய்ப்பாசத்தின் வெடிப்பாக மட்டும் காணாமல், குடியேற்ற அரசின் அதிகார எல்லை எதுவரை என்பதைக் குறித்த பூசலாகவும் காண்கிறார். அது சரியான வாசிப்பே. வீட்டு வாசல்வரை வரும் காவலரின் தடி நாயின் தலைமேல் மட்டும் விழுவதில்லை.

அதற்காகச் சமயக் காரணத்தைச் சிறிதாக்கிவிடவும் கூடாது. சரத்துஸ்திர சமயத்தில் நாய் இறந்தவரின் உடலைப் பார்ப்பது ஈமச்சடங்கின் ஒரு பகுதி, 'சக்தித்' என்பர். வெந்திதாது என்னும் சட்டநூலின் பதின்மூன்றாம் அதிகாரம் முழுவதும் நாயைப் பற்றியது. நாய்க்குக் கெட்ட உணவு இடுவோருக்கான தண்டனைகள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அதே அதிகாரத்தில் மற்றொரு கருத்தும் வருகிறது. இறந்த நாயின் உயிர் நீரூற்றுகளை அடைகிறது. ஆயிரம் ஆண்நாய்கள், ஆயிரம் பெண்நாய்களின் உயிரிலிருந்து ஓர் இணை 'தண்ணீர் நாய்' தோன்றுகிறது. தண்ணீர் நாய் என்று அந்நூல் குறிப்பது ஆற்றில் வாழும் உயிரியை. தமிழில் அதற்கு நீர்நாய் என்றே பெயர். இரு மொழிகள் தொடர்பின்றியே ஒரே விலங்கை ஒரே வகையில் கண்டிருப்பது வியப்பூட்டுவது. கோட்டைத் தெருவில் அடிபட்டுச் செத்த நாய்களை எண்ணிய பார்சிப் புரோகிதருக்கு இவ்வதிகாரம் நினைவுக்கு வந்திருக்கும் எனக் கருதுவது மிகையாகாது.

கலகம் அடங்கிய பின் பெருவணிகர் ஜம்செத்ஜி ஜீஜீபாய் முதலியோர் அரசோடு பேசினர். நாய்களைக் கொல்லாமல் நகரை விட்டு அகற்றலாம் என்பது அவர்கள் முன்வைத்த வேண்டுகோள். 1834இல் ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிசந்த் அமிசந்தும் புலேஷ்வரில் பாஞ்சரபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். தெருநாய்களுக்குப் புகலிடம் தருவது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. காலப்போக்கில் அது பெரும்பாலும் மாடுகளின் இல்லமாயிற்று. வாஷியிலிருந்து சயான் நோக்கிப் பேருந்தில் செல்லும் தமிழர் செம்பூரில் 'பாஞ்சரபோல்' என்ற பெயரைக் கடக்கின்றனர். நெரிசலுக்குப் பெயர்போன அச்சந்திப்பில் அப்பெயரின் பொருளை நினைப்போர் அரிது.

இந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தெருவின் தண்ணீர் கல்லில் வடிவம் பெற்றது. இறந்த மகன், தந்தை, மனைவி நினைவாகக் கச்சி, பாட்டியா, குஜராத்தி வணிகர்கள் தெருமுனைகளில் 'பியாவ்' எனப்படும் தண்ணீர் மாடங்களைக் கட்டினர். மஸ்ஜித் பந்தர் அருகே பாட் பஜாரில் கேசவ்ஜி நாயக் கட்டியது 1876இல். கோட்டைப் பகுதியில் ரத்தன்சி முல்ஜி ஜேத்தா தம் மகன் நினைவாக எழுப்பியதை விக்டோரியா முனையத்தை வடிவமைத்த எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸே வரைந்தார். பியாவ்களின் அமைப்பு ஒரு சமூகவியல் பாடம். மனிதர் கை நீட்டும் உயரத்தில் குழாய். அதற்குக் கீழே மாடும் குதிரையும் வாய் வைக்கும் தொட்டி. பலவற்றில் தரையோடு ஒட்டி ஆடும் நாயும் குடிக்கத்தக்க சிறு குழி. மேலிருந்து வழிவது கீழே நிரம்பும். தனியே எவரும் நாய்க்கு ஊற்றவேண்டியதில்லை.

இலண்டனில் 1859இல் தொடங்கிய குடிநீர் மாடச் சங்கம் 1867இல் தன் பெயரில் கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. அதன் கல்தொட்டிகளின் அடியிலும் நாய்க்கான குழிகள் உண்டு. பம்பாயின் வணிகர்கள் இலண்டனைப் பார்த்துச் செய்தனர் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டியதில்லை. இலண்டன் சங்கத்துக்குத் தூண்டுதல் காலராவும் மதுவிலக்கும். பம்பாய்க்குப் புண்ணியம். தமிழ் மரபிலும் முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் தண்ணீர்ப் பந்தலும் ஆவுரிஞ்சு தறியும் விலங்கிற்கு உணவும் இடம்பெறுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகள் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலமும் பொன்னும் விட்டதைப் பதிவுசெய்கின்றன. நாய்க்குக் கல்லெடுத்த மரபும் தமிழகத்துக்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாண்ட வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் அது பெயர்சொல்லிப் பொறித்திருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பதே அரிய செய்தி. வெட்சிப் பூசலில் மாண்ட எத்தனையோ மனிதரின் பெயர்கள் தெரியாது.

அறம் என்னும் சொல்லின் ஒளியில் இவ்வரலாறு இதுவரை அழகாகவே தெரிகிறது. அதன் மறுபக்கம் வாஷிக்குத் தெற்கே, கோவாவுக்குச் செல்லும் சாலையில் உள்ள மகத்தில் இருக்கிறது.

பம்பாய்ச் சட்டமன்றத்தில் சீ. கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923 ஆகஸ்டில் நிறைவேறியது. அரசுப் பணத்தில் கட்டப்பட்ட, அரசு நிறுவனங்கள் பராமரிக்கும் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். மகத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை அவ்வாறே திறப்பதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. மாடுகள் குளத்தில் இறங்கின. நாய்கள் கரையில் நீரருந்தின. பிற சமயத்தாருக்கும் தடையில்லை. மகர்களும் சமர்களும் மட்டும் அருகே வரவியலாது. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கரின் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அணியாகச் சென்று குளத்து நீரை அள்ளிப் பருகினர். அதன்பின் அவர்கள் தாக்கப்பட்டனர். சாதி இந்துக்கள் 108 குடம் நீரை இறைத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தைத் 'தூய்மை' செய்தனர். நாய் வாய்வைத்ததற்காக அக்குளம் ஒருமுறையேனும் இவ்வாறு தூய்மை செய்யப்பட்டதில்லை.

1931 ஆகஸ்டில் பம்பாய் மணிபவனில் காந்தியைச் சந்தித்தபோது அம்பேத்கர் சொன்னதாகப் பதிவாகியுள்ள புகழ்பெற்ற கூற்றும் இதையே தொடுகிறது. நாய் பூனைகளினும் கீழாக நடத்தப்பட்டு, குடிக்கத் தண்ணீரும் மறுக்கப்படும் இடத்தைத் தம் நாடு என்றும் தம் சமயம் என்றும் எவ்வாறு அழைப்பது என்பது அதன் பொருள். நாயைப் பழித்த கூற்று அன்று அது. நாய்க்கு இரங்கும் அறமும் மனிதனை விலக்கும் ஒழுக்கமும் ஒரே மனத்தில், ஒரே குளக்கரையில், யாதொரு முரணும் உணரப்படாமல் உடனிருக்கக்கூடும் என்பதைச் சுட்டிய கூற்று. பியாவின் அடிக்குழியை வியக்கும் வரலாற்றாய்வாளர் பலர் மகத்தை வேறொரு நூலுக்கு உரியதாக ஒதுக்கிவிடுவது இத்துறையின் குறைபாடு. இரண்டும் ஒரே மாகாணத்தின் தண்ணீர் வரலாறு. தருமம் தான் விரும்பியவருக்குக் கொடுக்கும். நாயைத் தேர்ந்து மகரை விலக்கினாலும் அதன் தருமப் பெயர் கெடுவதில்லை. உரிமைக்கு அச்சலுகை இல்லை. குளத்தின் மீதான வழக்கில் 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு நின்ற அடிப்படை, விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே.

நாய்களின் பக்கம் திரும்பினால், கொலையின் வரலாறு 1832உடன் முடிந்துவிடவில்லை. 1910இல் இஸ்தான்புல் அரசு பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து மர்மராக் கடலின் நன்னீரற்ற தீவொன்றில் இறக்கிவிட்டது. நூற்றாண்டுகளாகத் தெருவோரம் கிண்ணத்தில் நீர்வைத்துப் பழகிய நகரத்தின் கரைவரை அவற்றின் ஓலம் கேட்டதாகச் சொல்வர். அவை தாகத்தாலும் பசியாலும் மடிந்தன. பம்பாயிலும் சென்னையிலும் நகராட்சிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நாய்களைக் கொன்றுவந்தன. கொலையால் எண்ணிக்கை குறையவில்லை என்ற வாதத்தைச் சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே எழுப்பியது. மும்பை மாநகராட்சி 1994இலும் சென்னை மாநகராட்சி 1996இலும் கருத்தடை முறைக்கு மாறின. 2001இல் அது நாடளாவிய விதியாயிற்று. தற்செயலாக அதே 1994இல்தான், சுற்றுச்சூழல் உடன்படிக்கைப்படி, கடைசி ஹஸ்கிகள் அண்டார்டிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டன. அயல் விலங்கு சீல்களுக்கு நோய் பரப்பக்கூடும் என்பது காரணம். பனியில் இடமிழந்த நாய்க்கு அடுத்த இருபதாண்டுகளில் வாஷியில் இடம் கிடைத்தது.

அந்த வாஷி இந்நெடிய தண்ணீர் வரலாற்றில் தனித்த இடமுடையது. 1970இல் நிறுவப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்ட புதிய நகரின் முதல் பகுதி அது. 1973இல் கழிமுகப் பாலமும் 1992இல் தொடர்வண்டியும் வந்தன. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒற்றை அறையில் தலைமுறை கழித்த தமிழ்க் குடும்பங்கள் பல பாலத்தைக் கடந்து இங்கு இரண்டு அறை, மூன்று அறை வீடுகளுக்கு வந்தன. பியாவ் இங்கு இல்லை; திட்டமிட்ட நகரத்தில் தண்ணீர் குழாய்வழி நேரே வீட்டுக்குள் வருகிறது. நவி மும்பை மாநகராட்சி தனக்கெனச் சொந்த அணை வைத்திருக்கிறது. காலாபூருக்கு அருகிலுள்ள அம்மோர்பே அணை ராய்கட் மாவட்டத்தில் இருக்கிறது. மகத்தும் அதே மாவட்டம். அன்றைய பெயர் கொலாபா மாவட்டம். ஹஸ்கிக்குட்டி பாதத்தால் சிதறடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது.

பாலத்தின் மறுகரையில் நிலை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் வேரூன்றிய தாராவியில் பொதுக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையில் நின்ற காலத்தை மூத்தோர் இன்னும் நினைவுகூர்வர். குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் குடியேறியோரின் குடிசைகளுக்குக் குழாயிணைப்பு இல்லை என்பது மும்பை மாநகராட்சியின் நெடுநாள் நிலைப்பாடாக இருந்தது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், குடியிருப்பு சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பதைக் கொண்டு தண்ணீரை மறுக்கவியலாது. வாழ்வுரிமைக்குள் தண்ணீரும் அடங்கும் என்று உயர்நீதிமன்றம் 2014 டிசம்பர் 15இல் தீர்ப்பளித்தது. மகத்துக்கு 87 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதை ஒரு நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

வீட்டுக்குள் கிண்ணம் பாதுகாப்பாக இருக்க, வாசலில் வைக்கும் கிண்ணம் பூசலுக்குரியதாகிவிட்டது. நவி மும்பையின் குடியிருப்புச் சங்கங்களில் தெருநாய்க்கு உணவும் நீரும் வைப்போர்க்கும் எதிர்ப்போர்க்கும் இடையிலான பிணக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 2023ஆம் ஆண்டின் விதிகள், உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கம் வரையறுக்க வேண்டும் என்றன. 2025 ஆகஸ்ட் 11இல் உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு தில்லிப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டது. 22ஆம் நாள் மற்றோர் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்கள், வெறிநோயோ மூர்க்கமோ உடையவை நீங்கலாக, பிடித்த இடத்துக்கே திரும்பலாம், உணவிடுதல் மட்டும் குறித்த இடங்களில். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, தொடர்வண்டி நிலையம் முதலியவற்றிலிருந்து அவற்றை அகற்ற ஆணை வந்தது.

இவ்வாணைகளை இரக்கமின்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் வெறிநாய்க்கடியால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். அவர்கள் பதினான்காம் மாடியில் வாழும் சிறுவர்கள் அல்லர். மூடிய வாயிலுக்கு வெளியே விளையாடுவோர், தடுப்பூசி தீர்ந்துபோன சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்போர். நாய்க்கு இரங்குவோரும் அச்சிறுவருக்கு அஞ்சுவோரும் ஒருவரையொருவர் கொடியோர் என அழைப்பதில் பயனில்லை. அதே ஆகஸ்டில் தாதர் புறாக்கூடத்தை மாநகராட்சி மூடியபோது சமணர் தெருவில் இறங்கினர். 1832ஐ அறிந்தோர்க்கு அதில் புதுமை ஏதுமில்லை.

கோடை முழுவதும் வாஷிக் குடியிருப்புகள் சிலவற்றின் வாயிலோரம் சிமெண்டுத் தொட்டியோ மண்சட்டியோ இருக்கும். காலையில் யாரேனும் நிரப்புவர்; மாலைக்குள் யாரேனும் கவிழ்ப்பதும் உண்டு. தெருநாய் அதில் கால்வைத்து விளையாடுவதில்லை, குடித்துவிட்டு நகர்கிறது. ஜூன் நடுவில் மழை இறங்கியதும் பள்ளமெல்லாம் நீர் தேங்க, சட்டியை வைப்பவர் அதை எடுத்துவிடுவார். 1832இன் ஆணைப்படி நாய் கொல்லும் பருவம் முடியவேண்டியிருந்ததும் அந்த நாட்களில்தான்.